சாஃப்ட்வேரே எல்லாம் செய்துவிட்டால் என் மகளுக்கு என்ன வேலை?

மகளை பயோஇன்ஃபர்மேட்டிக்ஸில், அதாவது உயிரியல் தகவல்களைக் கம்ப்யூட்டரில் ஆராயும் படிப்பில், சேர்க்கலாம் என்றிருந்த உங்களை, "எந்த மரபணு என்ன செய்கிறது என்று இப்போது கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறதே" என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை, சார். 2014-இல் வந்த புரோக்கா என்ற இலவச மென்பொருள், ஒரு பாக்டீரியாவின் மொத்த ஜீனோமையும், அதாவது அதன் மரபுத் தகவல் முழுவதையும், எந்த மரபணு எங்கே இருக்கிறது, அதன் வேலை என்ன என்று சாதாரண கம்ப்யூட்டரில் பத்து நிமிடம்போலக் குறித்துக் கொடுத்துவிடும். அந்த பட்டனைத் தட்டுவதற்கு மட்டும் யாரும் சம்பளம் தரப்போவதில்லை.

ஆனால் அது குறிக்கிற விதத்தைப் பாருங்கள். புது மரபணுவைத் தெரிந்தவற்றோடு ஒப்பிட்டு, நெருங்கி வருவதன் பெயரை இதற்கும் வைக்கிறது. 1990-இல் வந்த பிளாஸ்ட் என்ற ஒப்பீட்டு மென்பொருள் காலத்திலிருந்தே வழி இதுதான். வம்பும் இங்கேதான். மரபணு உருவாக்கும் புரதத்தில் 400 அமினோ அமிலம் இருந்து, 80 மட்டும் பொருந்தினாலும் ஈ-வேல்யூ என்ற எண் பிரமாதமாக வரலாம். இப்படியொரு பொருத்தம் தற்செயலாக எத்தனை வரக்கூடும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. இரண்டுக்கும் வேலை ஒன்றா என்பதை அது சொல்லாது. பொருந்தியது ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) ஒட்டும் பகுதி மட்டும் என்றால், அது எத்தனையோ வேறு வேறு புரதங்களில் உண்டு. போதாக்குறைக்கு, அந்தப் பழைய பெயரே இன்னொன்றைப் பார்த்து வைத்ததாக இருக்கலாம். பரீட்சையில் காப்பி அடித்தவனைப் பார்த்துக் காப்பி அடித்த கதை! ஆட்கள் படித்துச் சரிபார்த்த ஸ்விஸ்-புராட் என்ற புரதத் தரவுத்தளப் பதிவுகள் ஐந்தரை லட்சத்துக்குச் சற்று மேல். மெஷின் குறித்தவையோ கோடிக்கணக்கில்.

2016-இல் அமெரிக்க மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் குழு மிகச் சிறிய ஜீனோமோடு ஒரு செல்லை உருவாக்கியது. அதிலிருந்த 473 மரபணுக்களில் 149 என்ன செய்கின்றன என்று அவர்களாலேயே அப்போது சொல்ல முடியவில்லை.

ஆக, மெஷின் வைத்த பெயரை எங்கே நம்பலாம், எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வேலை. அதற்கு உயிர்வேதியியல் ஆழமாகத் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால் இளங்கலையில் உயிர்வேதியியலோ நுண்ணுயிரியலோ படித்துவிட்டு, எம்.எஸ்சி.யில் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸுக்கு வரட்டும். லினக்ஸ், பைதான், கொஞ்சம் புள்ளியியல் எல்லாம் கூடவே கற்றுக்கொள்ளலாம். இளங்கலையோடு நிறுத்துவதாக இருந்தால் இந்தத் துறையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கேட், ஜிஏடி-பி என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வுகளை மூன்றாம் ஆண்டிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், செலவில்லாத ஒரு பயிற்சி. என்சிபிஐ என்ற அமெரிக்க அரசின் மரபணுத் தரவுத் தளத்திலிருந்து ஒரு பாக்டீரியா ஜீனோமை இறக்கி, புரோக்காவில் ஓட்டச் சொல்லுங்கள். 'ஹைப்பதெட்டிக்கல் புரோட்டீன்' என்று, அதாவது வேலை தெரியாத புரதம் என்று, நிறைய வரும். அதில் இருபதை எடுத்து, எவ்வளவு நீளம் பொருந்துகிறது, எந்த டொமைன் (தனி வேலை உள்ள புரதப் பகுதி) இருக்கிறது, பக்கத்து மரபணுக்கள் என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தன் முடிவைக் காரணத்தோடு எழுதி, கிட்ஹப் என்ற இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி போடட்டும். இன்டர்வியூவில் சான்றிதழைவிட அதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். இருபதில் ஐந்தாவதிலேயே அவளுக்கு அலுத்துப்போனால், சரி, வேறு படிப்பைப் பற்றிப் பேசுவோம்.