'புட்' என்ற ஒரு சொல், பல வேலை: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த ஆங்கிலக் கேள்விகளில் 'புட்' என்ற வினையைப் பற்றியவை நிறைய இருந்தன. அதனால் இந்தப் பகுதியை முழுக்க அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கே: 'புட் ஆஃப்' என்று அகராதியில் தேடினால் தள்ளிப்போடு, வெறுப்பு உண்டாக்கு, விளக்கை அணை என்று மூன்று பொருள் வருகிறது. வாக்கியத்தில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கல்லூரி மாணவி, கும்பகோணம்)

ப: எதை அல்லது யாரை 'புட் ஆஃப்' செய்கிறார்கள் என்று பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். தேர்வு, கல்யாணம், கூட்டம், பல் டாக்டரிடம் போவது என்று ஒரு நிகழ்ச்சியோ வேலையோ இருந்தால் தள்ளிப்போடுவது. 'தே புட் ஆஃப் த வெட்டிங்' என்றால் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். அதே இடத்தில் ஓர் ஆள் இருந்தால் பெரும்பாலும் ஆர்வத்தைக் கெடுப்பது, முகம் சுளிக்க வைப்பது. 'த ஸ்மெல் புட் மீ ஆஃப் மை லஞ்ச்' என்றால் அந்த வாடையில் சாப்பாடே இறங்கவில்லை என்று பொருள். விளக்கை அணைப்பதற்கு 'புட் ஆஃப் த லைட்' என்பது தப்பில்லை, ஆனால் இன்று 'டர்ன் ஆஃப்', 'ஸ்விட்ச் ஆஃப்' இரண்டும்தான் அதிகம் புழங்குகின்றன.

பொருளைவிட அமைப்பில்தான் மதிப்பெண் போகிறது. 'இட்', 'தெம்', 'ஹிம்' போன்ற சுட்டுச்சொல் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும். 'புட் இட் ஆஃப்' சரி. 'புட் ஆஃப் இட்' தவறு. பெயர்ச்சொல் என்றால் இரண்டு இடத்திலும் வைக்கலாம்: 'புட் த மீட்டிங் ஆஃப்', 'புட் ஆஃப் த மீட்டிங்'. அந்தப் பகுதி நீளமாக இருந்தால் கடைசிக்குப் போய்விடும். 'நெவர் புட் ஆஃப் டில் டுமாரோ வாட் யூ கேன் டூ டுடே' என்ற பழமொழியில் 'வாட்' தொடங்கிக் கடைசி வரை உள்ளது முழுக்கத் தள்ளிப்போடப்படும் விஷயம். நீளம் கருதித்தான் அது பின்னால் போயிருக்கிறது.

அடுத்து இன்னொரு வினை வந்தால் அது 'இங்' வடிவில் வர வேண்டும். 'ஐ புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்' என்று எழுதுங்கள். 'புட் ஆஃப் டு கோ' என்று எழுதினால் எந்தத் தேர்விலும் அடித்துவிடுவார்கள்.

கற்போருக்கான அகராதிகளில் 'சம்திங்', 'சம்படி' என்பதன் சுருக்கத்தை 'புட்'டுக்கும் 'ஆஃப்'புக்கும் நடுவில் அச்சிட்டிருப்பார்கள். நடுவில் இருந்தால் பிரிக்கலாம், கடைசியில் மட்டும் இருந்தால் பிரிக்கக் கூடாது என்பது அதன் குறிப்பு. ஆளா பொருளா என்பதையும் அந்தச் சுருக்கமே சொல்லிவிடும். பலர் இதைக் கவனிக்காமல் நேரே பொருளுக்குத் தாவிவிடுகிறார்கள்.

கே: அப்படியானால் 'ஐ கான்ட் புட் ஹிம் அப் வித்' என்றும் பிரித்து எழுதலாம்தானே? (வங்கி ஊழியர், மதுரை)

ப: கூடாது. 'புட் அப் வித்' மூன்று சொல்லும் ஒட்டியே நிற்கும். சகித்துக்கொள்ளும் ஆளோ விஷயமோ 'வித்'துக்குப் பிறகுதான் வரும்: 'ஐ கான்ட் புட் அப் வித் ஹிம்'. பெரும்பாலும் 'கான்ட்', 'வோன்ட்', 'ஹாவ் டு' இவற்றோடுதான் இதைக் கேட்பீர்கள். பொறுக்க முடியவில்லை, பொறுத்துத்தான் ஆக வேண்டும் என்ற இரண்டு மனநிலைக்கும் உரிய தொடர் இது.

வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் ('வித்' போன்ற சொல்லில்) முடிக்கக் கூடாது என்ற இலக்கணப் பிடிவாதத்தைக் கேலி செய்து, 'அப் வித் விச் ஐ வில் நாட் புட்' என்று சர்ச்சில் சொன்னதாக ஒரு துணுக்கு நெடுங்காலமாக உலவுகிறது. அவர் சொன்னதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் மூன்று சொல்லையும் பிய்த்துப் போட்டால் வாக்கியம் எவ்வளவு கோணலாகிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

'வித்' இல்லாமல் 'புட் ஹிம் அப்' என்றால் முற்றிலும் வேறு: வீட்டில் தங்க இடம் கொடுப்பது. 'கேன் யூ புட் மீ அப் ஃபார் டூ நைட்ஸ்?' என்று நண்பர் கேட்டால் இரண்டு ராத்திரி தங்கிக்கொள்ளலாமா என்று பொருள். நம் ஊரில் 'வேர் ஆர் யூ புட் அப்?' என்று சாதாரணமாகக் கேட்கிறோம். வெளிநாட்டவரிடம் 'வேர் ஆர் யூ ஸ்டேயிங்?' என்று கேட்டால் தடங்கல் இருக்காது. 'ஹூ புட் யூ அப் டு திஸ்?' என்றால் 'உன்னை ஏற்றிவிட்டது யார்?' என்று அர்த்தம். இதில் சகிப்பும் இல்லை, தங்குவதும் இல்லை.

கே: என் வகுப்புப் பிள்ளைகள் 'புட் டீ', 'புட் லாக்', 'புட் ஃபைட்' என்று எழுதுகிறார்கள். ஒவ்வொன்றாகத் திருத்தி மாளவில்லை. ஒரே அடியாகப் புரியவைக்க வழி உண்டா? (ஆசிரியை, நாகர்கோவில்)

ப: தமிழில் 'போடு' செய்யாத வேலை இல்லை. பிள்ளைகள் அதை அப்படியே 'புட்' ஆக்கிவிடுகிறார்கள். இதை அடித்துத் திருத்துவதைவிட, 'போடு' வரும் தொடர்களை அவர்களையே கேட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள். இருபது, முப்பது தொடர் ஐந்து நிமிடத்தில் சேர்ந்துவிடும். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: போட்டு முடித்த பிறகு அந்தப் பொருள் உடம்பின் மேல் இருக்கிறதா, அல்லது ஓட ஆரம்பிக்கிறதா?

இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால் ஆங்கிலத்திலும் 'புட்' வரும், ஆனால் 'ஆன்' சேர்ந்தே வரும். சட்டை போடு, கண்ணாடி போடு, செருப்புப் போடு எல்லாம் உடம்பின் மேல்: 'புட் ஆன் யுவர் ஷர்ட்'. ஃபேன் போடு, லைட் போடு, பாட்டுப் போடு எல்லாம் ஓட ஆரம்பிப்பவை: 'புட் த ஃபேன் ஆன்', 'புட் சம் மியூசிக் ஆன்'. பிள்ளைகள் எழுதும் 'புட் ஃபேன்' என்பதில் 'புட்' தவறில்லை, 'ஆன்' விடுபட்டதுதான் தவறு என்று காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார்கள். 'உடம்பு போட்டுட்டே' என்பதும் இந்தக் கூட்டம்தான்: 'யூ ஹாவ் புட் ஆன் வெயிட்'.

'இல்லை' என்றால் பெரும்பாலும் 'புட்'டை அழித்துவிட்டு, நடக்கும் செயலுக்கு உரிய வினையைத் தேட வேண்டும். டீ, தோசை, கோலம் எல்லாம் புதிதாக உண்டாகின்றன. டீக்கும் தோசைக்கும் 'மேக்', கோலத்துக்கு 'ட்ரா'. பூட்டுப் போடு என்பது 'லாக்', சண்டை போடு என்பது 'ஃபைட்' அல்லது 'குவாரல்', எடை போடு என்பது 'வெய்', ஊசி போடு என்பது 'கிவ் அன் இன்ஜெக்‌ஷன்', முட்டை போடு என்பது 'லே அன் எக்', கிரிக்கெட்டில் பந்து போடு என்பது 'போல்'. கையெழுத்துப் போடு என்பதற்கு 'சைன்' போதும். 'புட் யுவர் நேம் டௌன்' என்றால் கையெழுத்து ஆகாது, பட்டியலில் பெயர் கொடுப்பது. 'புட் த கெட்டில் ஆன்' என்பதும் டீ போடுவது ஆகாது. தண்ணீரைச் சூடாக வைப்பது மட்டுமே. ஆனால் அடுத்து டீ வரப்போகிறது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

பெரியவர்களும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 'ஷி இஸ் புட்டிங் ஆன் எ ப்ளூ ஸாரி' என்றால் இந்த நிமிடம் புடவையைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள் என்று பொருள். நீலப் புடவை கட்டியிருக்கிறாள் என்று சொல்ல 'ஷி இஸ் வேரிங்' வேண்டும். போடும் செயலுக்கு 'புட் ஆன்', போட்டிருக்கும் நிலைக்கு 'வேர்'. நேர்முகத் தேர்வில் ஒரு படத்தைக் காட்டி விவரிக்கச் சொன்னால் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பி ஸ்வெட்டர் போடச் சொல்லுங்கள். கை நுழையும்போது ஒரு வாக்கியம், போட்டு முடித்து நிற்கும்போது இன்னொரு வாக்கியம் என்று மற்றவர்களைச் சொல்லவையுங்கள்.

கே: லண்டன் வாடிக்கையாளர் ஒருவர் 'கேன் வி புட் த மீட்டிங் பேக் ஆன் அவர்?' என்று எழுதியிருந்தார். ஒரு மணி நேரம் முன்னதாக என்று நினைத்து உள்ளே போனால் யாருமே இல்லை. யார் மேல் தவறு? (மென்பொருள் ஊழியர், கோவை)

ப: அவர் எழுதியது சரியான பிரிட்டிஷ் ஆங்கிலம். கூட்டத்தை 'புட் பேக்' செய்தால் தாமதமாக்குவது. மூன்று மணிக் கூட்டம் நான்கு மணிக்குப் போகிறது. வரிசையில் பின்னால் தள்ளுகிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 'புட் ஃபார்வர்ட்', 'பிரிங் ஃபார்வர்ட்' இரண்டும் முன்கூட்டி நடத்துவது.

நீங்கள் குழம்பியதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. கடிகாரத்துக்கு இதே சொற்கள் நேர்மாறாக வேலை செய்யும். கடிகாரத்தை 'புட் பேக்' செய்தால் நான்கு மணி மூன்றாகிவிடும். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 1 மணியை 2 ஆக்கி 'புட் த க்ளாக்ஸ் ஃபார்வர்ட்' என்பார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு 2 மணியை 1 ஆக்கி 'பேக்' என்பார்கள். அதனால்தான் லண்டனுக்கும் நமக்கும் உள்ள இடைவெளி குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி. கடிகாரம் மாறும் வாரங்களில் கூட்டம் வைத்தால் இரட்டைக் குழப்பம்தான்.

அமெரிக்கர்கள் தாமதமாக்குவதற்கு 'புஷ் பேக்', முன்கூட்டி நடத்துவதற்கு 'மூவ் அப்' என்பார்கள். புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் 'மூவ்ட் ஃபார்வர்ட்' ஆனது, இனி என்றைக்கு என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமே ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிலர் திங்கள் என்றார்கள், சிலர் வெள்ளி என்றார்கள். அவர்களுக்குள்ளேயே இந்த நிலை என்றால், நீங்கள் ஊகிக்கவே வேண்டாம். 'சோ, ஃபோர் பி.எம். யுவர் டைம்?' என்று மணியை எழுதிக் கேட்டுவிடுங்கள். 'ப்ரீபோன்' என்ற நம் சொல்லை அவர்களுக்கு எழுதாதீர்கள், பலருக்குப் புரியாது.

கே: 'ஐ புட் மை டாக் டு ஸ்லீப்' என்று எழுதியதற்கு வெளிநாட்டுத் தோழி ஆறுதல் சொல்லிப் பதில் போட்டிருக்கிறாள். ஏன்? (வாசகி, சேலம்)

ப: செல்லப் பிராணிக்கு அந்தத் தொடர் கருணைக்கொலையைக் குறிக்கும். நோய் முற்றிய நாய்க்குக் கால்நடை மருத்துவர் ஊசி போட்டு உயிரை அடக்குவதை மென்மையாகச் சொல்லும் வழி அது. 'புட் டௌன்' என்பதும் அதுவே. குழந்தைக்கு 'புட் த பேபி டு ஸ்லீப்' என்று தாராளமாகச் சொல்லலாம், தூங்கவைத்தேன் என்றுதான் பொருள். நாய் விஷயத்தில் 'மை டாக் இஸ் அஸ்லீப்' என்று எழுதுங்கள். தோழிக்கு இன்றே விளக்கி ஒரு வரி அனுப்பிவிடுங்கள், பாவம் வருத்தத்தில் இருப்பாள்.

கே: 'புட் யுவர் ஃபுட் டௌன்', 'புட் யுவர் ஃபுட் இன் இட்' இரண்டும் ஒன்றா? (போட்டித் தேர்வு எழுதுபவர், தர்மபுரி)

ப: இல்லை. இரண்டிலும் 'ஃபுட்' என்பது பாதம், சாப்பாடு இல்லை. முதலாவது கறாராக நின்று 'முடியாது' என்பது. இரண்டாவது யோசிக்காமல் வாயைவிட்டு மாட்டிக்கொள்வது. அமெரிக்கர்கள் 'ஃபுட் இன் யுவர் மௌத்' என்பார்கள். கார் ஓட்டும்போது முதலாவதைப் பிரிட்டிஷ்காரர் சொன்னால் ஆக்ஸிலரேட்டரை அழுத்து என்று அர்த்தம், பிரேக் என்று நினைத்துவிடாதீர்கள்.

கே: அலுவலகத் தொலைபேசியில் 'புட் த்ரூ', 'புட் ஆன் ஹோல்ட்', 'புட் டௌன்' மூன்றையும் எப்படிப் பயன்படுத்துவது? (வரவேற்பாளர், ஈரோடு)

ப: இணைப்புக் கொடுக்க 'ஐ வில் புட் யூ த்ரூ டு அக்கவுண்ட்ஸ்'. ஆள் நடுவில், யாரிடம் என்பது 'டு'வுக்குப் பின். 'ஐ வில் புட் த்ரூ யூ' என்பது தவறு. காத்திருக்கச் சொல்லும்போது 'மே ஐ புட் யூ ஆன் ஹோல்ட்?' என்று கேட்டுவிட்டு, அவர் சரி என்ற பிறகே பட்டனை அழுத்துங்கள். பேசி முடித்து வைப்பது 'புட் த ஃபோன் டௌன்'. 'ஹி புட் த ஃபோன் டௌன் ஆன் மீ' என்றால் பேசிக்கொண்டிருக்கும்போதே வெடுக்கென்று வைத்துவிட்டார் என்ற புகார்.

கே: மழையால் ஆட்டம் நின்ற செய்தியில் 'ரெய்ன் புட் பெய்ட் டு...' என்று படித்தேன். யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள்? (வாசகர், திருநெல்வேலி)

ப: பணம் கைமாறவில்லை. பணம் வந்த பில்லின் மேல் 'பெய்ட்' என்று எழுதிக் கணக்கை முடிக்கும் வழக்கத்திலிருந்து வந்த தொடர் இது. ஒரு திட்டமோ நம்பிக்கையோ அத்தோடு தீர்ந்தது என்ற பொருளில், பெரும்பாலும் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் வரும். 'டு' மட்டுமே சேரும், 'ஃபார்' சேராது. நடந்து முடிந்த காலத்திலும் 'புட்' அப்படியேதான் இருக்கும். 'புட்டட்' என்று ஒரு வடிவம் கிடையாது. கோல்ஃப் செய்தியில் அதே எழுத்துகளைப் பார்த்தால் அது 'பட்' என்று ஒலிக்கும் வேறு வினை: பந்தைக் குழியை நோக்கி மெல்லத் தட்டிவிடுவது.