பந்தய வண்டிப் பொறியாளராக விரும்பும் மகனைப் பற்றித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த் தாயார் ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மையாருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. பந்தய வண்டிகளை வடிவமைக்கும் பொறியாளராக வேண்டும் என்று பத்தாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகன் பிடிவாதமாக நிற்கிறானே, அது பிழைப்புக்கு உதவுமா என்பது ஒன்று. கணிதத்தில் மதிப்பெண் நாற்பதுகளைத் தாண்டாததால் அவனை மேத்தமேட்டிக்கல் லிட்டரசி என்ற எளிய கணக்குப் பாடத்துக்கு மாற்றிவிடலாம் என்று பள்ளியில் சொன்ன யோசனைக்குச் சம்மதிக்கலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு இரண்டு பக்கங்களும் இரண்டாவதற்கு நான்கு வரிகளும் ஒதுக்கியிருக்கிறீர்கள். அவசரமானது அந்த நான்கு வரிகளில் இருப்பதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இப்போது மாற்ற வேண்டாம். மேத்தமேட்டிக்கல் லிட்டரசி 2006ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பில் அறிமுகமான பாடம். வீட்டுக் கணக்கு, வட்டி, வரைபடங்களைப் படித்தல் போன்ற அன்றாடத் தேவைகளுக்கு அது பயனுள்ளதே. ஆனால் அதை வைத்துக்கொண்டு நம் நாட்டின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் பட்டப்படிப்பில் சேர முடியாது. கணிதத்திலிருந்து அதற்கு இறங்கி வருவதற்குப் பள்ளியில் ஒரு கையெழுத்து போதும். திரும்பி ஏறுவதென்றால் விட்டுப்போன பாடங்கள் அனைத்தையும் தனியாகப் படித்து ஈடுசெய்ய வேண்டும் என்பதால், அப்படித் திரும்பியவர்கள் அரிது. உங்கள் மகன் நாளை பந்தய வண்டியை மறந்துவிட்டுக் கணக்காய்வாளராகவோ மருத்துவராகவோ ஆக விரும்பினாலும் இதே கணிதம் அநேகமாகத் தேவைப்படும். நீங்கள் மனத்துக்குள் வைத்திருக்கும் அந்த மற்ற வழிகளும் இந்த மாற்றத்தால் அடைபட்டுவிடும் என்பதைப் பள்ளியில் யாரும் உங்களிடம் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

மதிப்பெண் குறைந்திருப்பதற்கு ஆர்வமின்மை காரணமா, அடிப்படையில் ஓட்டை இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அவன் தன் தாய்மாமனுடைய பழைய ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் காரின் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவதில் சனி ஞாயிறு முழுவதையும் செலவிடுகிறான் என்று வருத்தத்துடன் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஈடுபாட்டைக் கணித வகுப்புக்கு எதிராக நிறுத்தாமல் அதற்குள்ளேயே கொண்டுவர முடியும். பத்தாம் வகுப்பில் அவன் வரையும் பரவளையம் இருக்கிறதே, ஒரு மாறியின் இருபடியைச் சார்ந்து ஏறும் வளைவு, அதுதான் பந்தய வண்டியின் இறக்கை செய்யும் வேலையின் வடிவம். இறக்கை வண்டியைத் தரையோடு அழுத்தும் விசை வேகத்தின் இருபடிக்கேற்பக் கூடுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் கிடைக்கும் அழுத்தம் 200 கிலோமீட்டரில் நான்கு மடங்காகிவிடும். காற்றின் எதிர்ப்பும் அதே விதியின்படி கூடுவதால், திருப்பங்களில் பிடிமானம் தரும் இறக்கையே நேர்ப்பாதையில் வேகத்தைத் திருடிக்கொள்ளும். எந்த ஓடுபாதைக்கு எவ்வளவு இறக்கை என்று முடிவு செய்வது அந்த இரண்டு வளைவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான்.

அவனுடைய இயற்பியல் அறிவியல் பாடத்தில் வரும் இயக்க ஆற்றல் கணக்கும் அப்படியே. ஏறத்தாழ 800 கிலோகிராம் எடையுள்ள ஃபார்முலா ஒன் வண்டி மணிக்கு 300 கிலோமீட்டரில் செல்லும்போது அதனிடம் சுமார் 2.8 மில்லியன் ஜூல் ஆற்றல் இருக்கிறது. திருப்பத்துக்கு முன் 100 கிலோமீட்டருக்கு வேகத்தைக் குறைத்தால் அதில் ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். மீதி எங்கே போகிறது என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் காற்றெதிர்ப்பில் போகும். பெரும்பகுதி கார்பன் பிரேக் தட்டுகளை ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கும். ஒரு பகுதியை மின்னாக்கி மீண்டும் சக்கரங்களுக்கே திருப்பிக் கொடுக்கும் மின்மோட்டார் ஒன்று இயந்திரத்தோடு இணைந்திருக்கிறது. 2014 முதல் ஃபார்முலா ஒன்னில் ஓடுபவை, காற்றை அழுத்தித் திணிக்கும் 1.6 லிட்டர் டர்போ இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்த கலப்பு வண்டிகளே. 2026ஆம் ஆண்டின் விதிகள் அந்த மின்மோட்டாரின் திறனை 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டாக உயர்த்தியிருக்கின்றன. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பையனால் பத்தாம் வகுப்புக் கணிதத்தைத் தாண்ட முடியாது என்று நான் நம்பமாட்டேன். ஒன்பதாம் வகுப்பின் இயற்கணிதத்திலிருந்தே அவனைத் திரும்பக் கூட்டிவரும் பொறுமையுள்ள ஓர் ஆசிரியரை மாலை வேளைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ‘வண்டி ஓட்டிச் சாகத்தான் இந்தப் படிப்பா’ என்று எழுதியிருந்தீர்கள். ஓட்டுநரும் பொறியாளரும் வேறு வேறு ஆட்கள். பொறியாளருடைய வேலை பெரும்பாலும் கணினி முன்னும் சோதனைக்கூடத்திலும் நடப்பது. அது என்ன மாதிரியான வேலை என்பதைப் புரிந்துகொள்ள நம் நாட்டுக் கயலாமி ஓடுபாதையையே எடுத்துக்கொள்ளலாம். ஜொஹானஸ்பர்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் இடையில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அது இருக்கிறது. 1967 முதல் 1985 வரை பெரும்பாலான ஆண்டுகளிலும், பிறகு 1992, 1993ஆம் ஆண்டுகளிலும் ஃபார்முலா ஒன் பந்தயம் அங்கே நடந்தது. டர்பன் கடற்கரையோடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. இந்த ஒரே காரணம் வண்டியின் மூன்று பகுதிகளைத் தாக்குகிறது. டர்போ இல்லாத இயந்திரம் ஒவ்வொரு முறையும் உள்ளிழுக்கும் ஆக்சிஜன் குறைவதால் அதன் திறன் ஏறத்தாழ அதே விகிதத்தில் விழுகிறது. இறக்கைக்குக் கிடைக்கும் அழுத்த விசையும் அதே அளவு குறைவதால், இழந்ததை மீட்க அதன் கோணத்தை உயர்த்த வேண்டியிருக்கிறது. ரேடியேட்டர் வழியாகச் செல்லும் காற்றின் நிறை குறைவதால் இயந்திரம் சூடேறுகிறது. அதைத் தணிக்கத் திறப்புகளைப் பெரிதாக்கினால் காற்றெதிர்ப்பு கூடுகிறது. ஆக, ஒரு மூலையில் செய்யும் திருத்தம் மறுமூலையில் புதிய சிக்கலைக் கொண்டுவருகிறது. இந்தச் சிக்கல்களுக்கிடையில் எது குறைந்த தீமை என்று எண்களைக் கொண்டு முடிவெடுப்பவரே பந்தயப் பொறியாளர்.

இந்த உயரத்தால் ஆதாயம் அடைந்தவர்களும் உண்டு. டர்போ இயந்திரம் காற்றை அழுத்தித் திணித்துக்கொள்வதால் மெல்லிய காற்று அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. டர்போ பொருத்திய வண்டி ஒன்று ஃபார்முலா ஒன் தகுதிச் சுற்றில் முதன்முதலாக முதலிடம் பெற்றது 1979இல் இதே கயலாமியில்தான். ஓட்டியவர் ரெனோ அணியின் ழான்-பியேர் ஜபூய். பந்தயத்தை அந்த வண்டி முடிக்கவில்லை, ஆனால் 1982இல் அங்கே வென்றது அலன் புரோஸ்ட் ஓட்டிய ரெனோ டர்போ வண்டி. இதை உங்கள் மகனிடம் சொல்லி, டர்பனில் ஓடும் வண்டிக்கும் ஜொஹானஸ்பர்கில் ஓடும் வண்டிக்கும் என்ன வேறுபாடு வரும் என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அவன் எழுதும் அந்த ஒரு பக்கம், அவனுடைய ஆர்வம் வண்டியின் ஓசையிலா அதன் இயக்கத்திலா என்பதை எந்த நுண்ணறிவுச் சோதனையையும்விடத் தெளிவாகக் காட்டிவிடும்.

இங்கிருந்து அவ்வளவு தூரம் போக முடியுமா என்ற ஐயத்துக்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. கோர்டன் மரே 1946இல் டர்பனில் பிறந்தவர். நட்டால் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, தானே வடிவமைத்துக் கட்டிய வண்டியைப் பந்தயங்களில் ஓட்டி, 1969இல் இங்கிலாந்துக்குப் போனார். பிராபம் அணியில் அவர் வடிவமைத்த வண்டிகளில் நெல்சன் பிக்கே 1981இலும் 1983இலும் உலகப் பட்டம் வென்றார். பின்னர் அவர் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த மெக்லாரன் அணி 1988இல் 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. மற்றொருவர் ரோரி பெர்ன். அவர் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் படித்து, வேதியியலாளராக வேலை பார்த்துவிட்டு வண்டி வடிவமைப்புக்கு வந்தவர். மிக்கேல் ஷூமாக்கர் பெனட்டன் அணியிலும் ஃபெராரி அணியிலும் பெற்ற ஏழு உலகப் பட்டங்களின் வண்டிகளும் அவருடைய வடிவமைப்பில் உருவானவை.

இந்த இருவரும் வெள்ளையர் என்பதையும், அன்றைய நிறவெறிச் சட்டங்கள் அவர்களுக்குத் திறந்த கதவுகளை இந்தியர்களான நமக்கு மூடியிருந்தன என்பதையும் நான் மறைத்துப் பேச விரும்பவில்லை. நம் பிள்ளைகளுக்கென்று இருந்தது எம்.எல். சுல்தான் கல்லூரி. மரே படித்த கல்லூரியின் வழிவந்த டெக்னிக்கான் நட்டாலும் எம்.எல். சுல்தான் டெக்னிக்கானும் 2002இல் இணைக்கப்பட்டு, இன்றைக்கு டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக இருக்கின்றன. உங்கள் மகன் விண்ணப்பிக்கப்போகும் இடங்களில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

ஃபார்முலா ஒன் அணி எதுவும் நம் நாட்டில் இல்லை. பெரும்பாலானவை இங்கிலாந்திலும் இத்தாலியிலும் இருக்கின்றன. அவற்றில் நுழைவதற்கான போட்டி உலகளாவியது. ஆனால் பந்தயம் என்றால் ஃபார்முலா ஒன் மட்டும் அல்ல. டாக்கார் பாலைவனப் பந்தயத்தில் 2019, 2022, 2023ஆம் ஆண்டுகளில் நாசர் அல்-அத்தியா வென்ற டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகள் தென்னாப்பிரிக்காவில் கட்டப்பட்டவை. பீட்டர்மாரிட்ஸ்பர்கில் உள்ள நீல் வுல்ரிட்ஜ் மோட்டார்ஸ்போர்ட் நிறுவனம் ஃபோர்டு ரேஞ்சர் பந்தய வண்டிகளை உருவாக்கிவருகிறது. உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உலகத்தரமான பந்தய வண்டிப் பட்டறை ஒன்று இருக்கிறது என்பது சாட்ஸ்வர்த்தில் பலருக்குத் தெரியாது. எனினும் இந்த நிறுவனங்களில் இருக்கும் இடங்கள் குறைவு. அதனால்தான் இளநிலைப் படிப்பையே பந்தயத் துறைக்கென்று குறுக்கிக்கொள்ள வேண்டாம் என்று நான் எல்லாப் பெற்றோரிடமும் வற்புறுத்துகிறேன். வெளிநாட்டில் பெரும் கட்டணத்துக்கு விளம்பரம் செய்யப்படும் குறுகியகாலப் பந்தயப் பொறியியல் படிப்புகளைப் பள்ளி முடித்த உடனே எடுப்பது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

அவன் எடுக்க வேண்டியது பொதுவான இயந்திரப் பொறியியல். ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் நடத்தும் நான்காண்டுப் பட்டம் ஒரு வழி. அதற்குக் கணிதத்திலும் இயற்பியல் அறிவியலிலும் ஆறாம் நிலை, அதாவது 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் வேண்டியிருக்கும். அந்த ஆண்டின் வழிகாட்டிக் கையேட்டில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றம் பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 1999 முதல் உறுப்பினராக இருப்பதால், அதன் அங்கீகாரம் பெற்ற நான்காண்டுப் பட்டத்துக்குப் பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் மதிப்பு உண்டு. பந்தயத் துறைக்கென்று சிறப்புப் படிப்பு வேண்டுமானால் அதன் பிறகு முதுநிலையில் படிக்கலாம். பந்தயத்தில் இடம் கிடைக்காவிட்டாலும் பிராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா ஆலையிலும், அதற்கு உதிரிபாகம் செய்து தரும் ஆலைகளிலும், சர்க்கரை, காகித ஆலைகளிலும் இதே பட்டத்துக்கு வேலை இருக்கிறது.

டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பட்டயப் படிப்பு இரண்டாவது வழி. அதற்கும் கணிதம் வேண்டும், ஆனால் எதிர்பார்க்கும் மதிப்பெண் சற்றுக் குறைவு. கைவேலையில்தான் அவனுக்கு உயிர் என்று தெரிந்தால், தொழிற்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து, பயிற்சித் தொழிலாளராக இருந்து, தொழில் தேர்வு எழுதிக் கைவினைஞராகத் தகுதி பெறுவது மூன்றாவது வழி. பந்தய அணிகளில் பொறியாளர்களுக்கு இணையாகக் கடைசல் வேலைக்காரர்களும், வெல்டிங் செய்பவர்களும், கார்பன் இழைப் பாகங்களை அச்சில் அடுக்குபவர்களும், மெக்கானிக்குகளும் தேவைப்படுகிறார்கள். உறவினர் முன் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டு இந்த வழியை அடைக்காதீர்கள். நல்ல ஃபிட்டரின் சம்பளம் பல பட்டதாரிகளுக்குக் கிடைப்பதில்லை.

இரவில் சாலையில் நடக்கும் சட்டவிரோதப் பந்தயங்களுக்கு அவன் போய்விடுவானோ என்ற உங்கள் அச்சம் நியாயமானது. அதட்டித் தடுப்பதைவிட அங்கீகாரம் பெற்ற போட்டிகளுக்கு அழைத்துப் போவது பயன் தரும். மோட்டார்ஸ்போர்ட் சவுத் ஆஃப்ரிக்கா அமைப்பின் கீழ் நடக்கும் போட்டிகளில், ஓடுவதற்கு முன் ஒவ்வொரு வண்டியையும் பாதுகாப்புச் சோதனைக்கு உட்படுத்துவார்கள். இருக்கைப் பட்டி, வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் உருள்கூண்டு, தீயணைப்பான் ஆகியவற்றைத் தொழில்நுட்ப அதிகாரிகள் பார்வையிடுவதை அவன் ஒருமுறை நின்று கவனித்தால் போதும். சூரிய ஒளியில் ஓடும் வண்டிகளுக்காக 2008 முதல் நடந்துவரும் சாசோல் சோலார் சேலஞ்சில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழக மாணவர் அணியும் பங்கேற்றிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் திறந்த நாளன்று அந்த வண்டியைப் பற்றி மாணவர்களிடமே அவன் கேட்கலாம்.

செலவைப் பற்றித் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்கு மேற்படாவிட்டால், அரசுப் பல்கலைக்கழகத்திலோ தொழிற்பயிற்சிக் கல்லூரியிலோ முதல் படிப்புக்கு என்ஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். நம் மாகாணத்தின் பல்கலைக்கழக விண்ணப்பங்கள் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போகின்றன. பதினோராம் வகுப்பின் இறுதி மதிப்பெண்களை வைத்தே முதற்கட்டத் தேர்வு நடப்பதால், அவனுக்கு இருக்கும் காலம் நீங்கள் நினைப்பதைவிட ஓராண்டு குறைவு. பள்ளி அனுப்பிய பாடமாற்றப் படிவத்தில் கையெழுத்திடாமல், கணித ஆசிரியரைச் சந்திக்க இந்த வாரமே நேரம் கேளுங்கள். போகும்போது அவனுடைய கடைசி இரண்டு தேர்வுத் தாள்களை எடுத்துச் சென்று, எந்தெந்தப் பகுதியில் மதிப்பெண் போயிருக்கிறது என்று தாளில் குறித்துத் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள்களின் நகலை எனக்கும் அனுப்பினால் மாலை வகுப்பை எதிலிருந்து தொடங்கலாம் என்று எழுதுகிறேன்.