எப்போதாவது ஓட்டும் காருக்கு முழு பிரீமியம் கட்ட வேண்டுமா?

கேள்வி: எங்கள் காருக்கு ஏழு வயது. கடன் அடைத்துவிட்டோம். நானும் மனைவியும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் கார் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் கடைகண்ணிக்கு, எப்போதாவது ஆஸ்பத்திரிக்கு, வருடத்தில் ஒன்றிரண்டு வெளியூர்ப் பயணம், அவ்வளவுதான். கடைசி நான்கு வருட சர்வீஸ் பில்களில் ஓடோமீட்டர் 41,200, 44,900, 47,300, 50,800 என்று இருக்கிறது. பிரீமியம் மட்டும் தினமும் அலுவலகம் போய்வருகிறவர் கட்டும் அளவுக்கே வருகிறது. தேர்ட் பார்ட்டி காப்பீட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாமா? கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் பாலிசி நல்லதா? அடுத்த மாதம் ரினீவல் வருகிறது.

பதில்: ஓடோமீட்டர் எண்களோடு கேட்டிருக்கிறீர்கள், அதனால் பாதி வேலை முடிந்துவிட்டது. எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. எங்கும் பொருந்துவதைச் சொல்லி, நாட்டுக்கு நாடு மாறுவதை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

தேர்ட் பார்ட்டி, அதாவது பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு மட்டும் போதும் என்று அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள். கிலோமீட்டர் பாலிசி உங்களுக்குப் பொருந்தும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு மிச்சம் இருக்காது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

மின்கட்டணத்தில் நிலைக்கட்டணம் ஒன்று, யூனிட் கணக்கு ஒன்று என்று இரண்டு இருக்குமல்லவா, கார் பிரீமியமும் உள்ளுக்குள் அப்படித்தான். கார் ஓடுவதால் வரும் ஆபத்துக்கு ஒரு பங்கு. கார் என்று ஒன்று இருப்பதாலேயே வரும் ஆபத்துக்கு இன்னொரு பங்கு. திருட்டு, தீ, வெள்ளம், மரம் முறிந்து விழுவது, நிறுத்தியிருக்கும்போது யாரோ இடித்துவிட்டுப் போவது எல்லாம் இந்த இரண்டாவது பங்கில் வரும். நீங்கள் குறைத்திருப்பது முதல் பங்கை மட்டும்தான். இரண்டாவது அப்படியே இருக்கிறது. பார்க்கப்போனால், வாரத்தில் ஆறு நாள் ஒரே இடத்தில் நிற்கும் காரை எலி கடிக்கவும், தண்ணீர் சூழ்ந்தாலும் உடனே நகர்த்த முடியாமல் போகவும் வாய்ப்பு அதிகம். எலி கடித்த ஒயருக்கு இழப்பீடு உண்டா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். உங்களுடையதில் விலக்குகள் என்ற பகுதியை எடுத்து அந்த ஒன்றையாவது படித்துவிடுங்கள்.

சரி, ஓடும் ஆபத்தாவது கிலோமீட்டர் அளவுக்குக் குறைகிறதா? அங்கேயும் ஒரு சிக்கல். பாதி தூரம் ஓட்டுகிறவருக்குப் பாதி விபத்து என்று கணக்கு வருவதில்லை. கலிஃபோர்னியா மாநில வாகனத் துறையில் ஆய்வாளராக இருந்த மேரி ஜான்கி 1991இல் இதைத் தெளிவாக எழுதினார். அதிகம் ஓட்டுகிறவர்களின் தூரத்தில் பெரும்பங்கு நெடுஞ்சாலையில் போகிறது. அங்கே குறுக்குத் தெரு இல்லை, எதிரே வண்டி இல்லை. குறைவாக ஓட்டுகிறவர்கள் ஓட்டுவதெல்லாம் ஊருக்குள், சந்திப்புகளும் நடந்துபோகிறவர்களும் நிறைந்த தெருக்களில். அதனால் ஒரு கிலோமீட்டருக்கு என்று பார்த்தால் குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு விபத்து விகிதம் கூடுதலாகவே வருகிறது. மொத்தத்தில் உங்கள் ஆபத்து குறைவுதான், ஆனால் தூரம் குறைந்த அதே விகிதத்தில் குறைவதில்லை. மூன்றில் ஒரு பங்கு தூரம் ஓட்டுகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு பிரீமியம் கிடைக்காததற்கு இது ஒரு நியாயமான காரணம்.

அதற்காக இப்போது கட்டுவதை அப்படியே கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஓட்டுகிற தூரத்தைப் பார்க்காமல் ஒரே தொகை வாங்குவது சரியில்லை என்று, பின்னாளில் 1996இல் பொருளாதார நோபல் பெற்ற வில்லியம் விக்ரி 1968இலேயே எழுதிவிட்டார். கலிஃபோர்னியாவில் 1988இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டப்படி, பிரீமியம் கணக்கிடும்போது ஓட்டுநரின் பாதுகாப்பு வரலாற்றுக்கு அடுத்த இடம் ஆண்டு தூரத்துக்குத்தான். இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் தூரத்துக்கு ஏற்பக் கட்டும் வசதிக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அது சொந்தச் சேதக் காப்பீட்டோடு, அதாவது உங்கள் காருக்கே நேரும் சேதத்துக்கான காப்பீட்டோடு சேரும் கூடுதல் வசதி. தேர்ட் பார்ட்டி பிரீமியம் அங்கே அரசு நிர்ணயிப்பது, அதில் தள்ளுபடி வராது. விளம்பரத்தில் ஒரு சதவீதத்தைப் பார்த்தால் அது முழு பிரீமியத்துக்கா, சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டுமா என்று கேட்டுவிடுங்கள். மொத்தம் 100 கட்டுகிறீர்கள், அதில் 60 சொந்தச் சேதத்துக்கு என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீதத் தள்ளுபடி என்றால் கையில் மிஞ்சுவது 15தான்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருகிறேன். வருடா வருடம் 3,700, 2,400, 3,500. சராசரி 3,200. இந்தியா போன்ற இடங்களில் வருடத்துக்கு 2,500, 5,000, 7,500 கிலோமீட்டர் எனப் படிகளாக விற்கிறார்கள். நடு வருடத்தின் 2,400ஐப் பார்த்து 2,500 படிக்கு ஆசைப்படத் தோன்றும். வேண்டாம். சராசரியையும் பார்க்காதீர்கள், அதிகம் ஓடிய வருடத்தைப் பாருங்கள். 3,700 என்றால் உங்களுக்கு 5,000 படிதான் சரி. உறவில் ஒரு கல்யாணம், யாருக்காவது உடம்புக்கு முடியாமல் அடிக்கடி ஓடுவது என்று ஒன்று வந்தால் 1,000 கிலோமீட்டர் சத்தமில்லாமல் ஏறிவிடும். தூரம் தீர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். சில நிறுவனங்கள் நடுவில் கூடுதல் தூரம் வாங்கிக்கொள்ள விடும். சில, எல்லை தாண்டிய பிறகு வரும் கிளெய்மில் ஒரு பகுதியை உங்கள் தலையில் போடும். இரண்டாவது வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாலிசி இருக்கிறது என்று நம்பி வண்டியை எடுக்கும் குடும்பத்துக்கு அது பெரிய அநியாயமாக முடியும்.

படி இல்லாமல், மாதம் ஒரு அடிப்படைத் தொகை, அதற்கு மேல் ஓடிய தூரத்துக்கு மட்டும் என்று வசூலிக்கும் பாலிசிகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உண்டு. அதை எடுத்தால் ஒரே நாள் நீண்ட பயணத்துக்கு வசூலிக்கும் தூரத்துக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்தில் ஒன்றிரண்டு முறை வெளியூர் போகும் உங்களுக்கு அது முக்கியம்.

தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதும் உங்களைப் பொறுத்தவரை சின்ன விஷயமில்லை. சிலர் ஓடோமீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். சிலர் செல்பேசி செயலி, சிலர் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சோதனைச் சாக்கெட்டில் செருகும் சிறு கருவி. அந்தக் கருவி கார் நிற்கும்போதும் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் எடுக்கும். தினமும் ஓடும் காரில் தெரியாது. வாரக்கணக்கில் நிற்கும் காரில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். செயலியும் கருவியும் நீங்கள் எப்போது, எங்கே போனீர்கள், எவ்வளவு வேகமாகப் பிரேக் போட்டீர்கள் என்பதையும் சேகரிக்கக்கூடும். அதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் சரி. என்னைக் கேட்டால் போட்டோ முறையே போதும் என்பேன்.

தேர்ட் பார்ட்டிக்கு மட்டும் இறங்குவது பற்றி. உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கார் இன்றிரவு திருடு போனால், வேறொன்றை வாங்கச் சேமிப்பில் பணம் இருக்கிறதா, அதை எடுத்தால் வீட்டுக் கணக்கு ஆட்டம் காணாதா? தைரியமாக ஆம் என்று சொல்ல முடிந்தால், சொந்தச் சேதக் காப்பீட்டை விடுவது பற்றி யோசிக்கலாம். ஆண்டு சொந்தச் சேதப் பிரீமியம் காரின் இன்றைய சந்தை விலையில் 10 சதவீதத்தைத் தாண்டினால் விட்டுவிடலாம் என்று பொதுவாக ஒரு கணக்கு சொல்வார்கள். ஏழு வயதுக் கார் பெரும்பாலும் அந்த எல்லைக்கு இன்னும் வந்திருக்காது. நடுவில் ஒரு வழியும் உண்டு: தேர்ட் பார்ட்டியோடு தீயும் திருட்டும் மட்டும் சேர்ந்த பாலிசி. நிற்கிற காருக்கு இது பொருத்தமாகத் தோன்றும். ஆனால் பிரிட்டனில் இது சில சமயம் முழு காப்பீட்டை விட விலை கூடுதலாகவே வருகிறது. இரண்டுக்கும் விலை கேட்காமல் மலிவு என்று முடிவு கட்டாதீர்கள்.

எந்தப் பக்கம் போனாலும் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீட்டில் கை வைக்க வேண்டாம். இதை நான் அழுத்தியே சொல்வேன். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச வரம்பு, ஒரு மோசமான விபத்தின் மருத்துவச் செலவுக்கே போதாது. மீதியை உங்கள் சொத்திலிருந்து கேட்பார்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஓட்டுகிறவர் இடித்தாலும் அடிபட்டவருக்கு வலி குறையப்போவதில்லை.

மிச்சம் பிடிக்க எனக்குப் பிடித்த இடம் வேறு. கிளெய்ம் வரும்போது முதலில் நீங்களே ஏற்றுக்கொள்ளும் தொகை, டிடக்டிபிள் என்பார்கள், அதை விரும்பிக் கூட்டிக்கொள்ளலாம். குறைவாக ஓட்டுகிறவர்களுக்குச் சின்னச் சின்ன உரசல்கள் குறைவு என்பதால் இது அவர்களுக்கு நன்றாகவே பலிக்கும். கணக்கு எளிது. கூடுதலாக 100 ஏற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டால் வருடம் 25 குறைகிறது என்றால், நான்கு வருடம் கிளெய்ம் இல்லாமல் இருந்தாலே நீங்கள் நஷ்டப்பட மாட்டீர்கள். வருடம் 8தான் குறைகிறது என்றால் விட்டுவிடுங்கள். ஏற்றுக்கொண்ட தொகையை மட்டும் வங்கியில் தனியாகப் போட்டுவைக்க வேண்டும். காரின் காப்பீட்டு மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கார் முழுவதும் போய்விட்டால் அந்தக் குறைந்த மதிப்புதான் கைக்கு வரும்.

விண்ணப்பத்தில் தூரத்தை உள்ளபடி எழுதுங்கள். பிரிட்டனின் 2012ஆம் ஆண்டு நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி, கவனக்குறைவாகத் தவறான தகவல் கொடுத்திருந்தால் கிளெய்மை விகிதப்படி குறைக்கலாம். கட்ட வேண்டியதில் 60 சதவீதம்தான் கட்டியிருந்தால் இழப்பீடும் 60 சதவீதம்தான். வேண்டுமென்றே மறைத்திருந்தால் ஒன்றுமே வராமல் போகலாம். மற்ற நாடுகளில் சட்டம் வேறு வடிவில் இருந்தாலும், கிளெய்ம் வந்ததும் ஓடோமீட்டரைப் பார்ப்பது எங்கும் ஒன்றுதான். வேலைக்குப் போய்வரக் காரை எடுப்பதில்லை என்பதையும் குறிப்பிடுங்கள். பயன்பாடு என்ற கட்டத்தில் பழையபடி அலுவலகப் பயணம் என்றே இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். முதல் தடவை பாலிசி எடுத்தபோது எழுதியது அப்படியே வருடா வருடம் தொடர்வது சகஜம். ஓட்டுநர் பட்டியலில் இப்போது காரைத் தொடாத யாராவது இருந்தால் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஓட்டவில்லையே என்று பாலிசியைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள். பிரிட்டனில் 2011 முதல், சாலையில் ஓடாத காராக இருந்தாலும் காப்பீடு இருக்க வேண்டும், இல்லையென்றால் சாலைக்கு வராது என்று முறைப்படி அறிவித்திருக்க வேண்டும். இந்தியாவில் காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், கிளெய்ம் இல்லாத ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை சேரும் நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி போய்விடும். அமெரிக்காவில் மாதக்கணக்கில் காரை எடுக்கப்போவதில்லை என்றால், திருட்டு, தீ, வெள்ளம் போன்றவற்றுக்கு மட்டும் காப்பீட்டை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்திவைக்கச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் அந்த நாட்களில் தெருமுனை வரை கூட எடுக்கக் கூடாது. உங்களைப் போல வாரம் ஒரு தடவை எடுப்பவர்களுக்கு இது ஆகாது.

ரினீவலுக்கு ஒரு மாதம் இருப்பது நல்லது. இந்த வாரமே மூன்று நிறுவனங்களிடம், ஒவ்வொன்றிடமும் மூன்று விதமாக விலை கேளுங்கள்: ஒன்று, தற்போதைய முழு காப்பீடு அப்படியே, இரண்டு, அதே காப்பீடு உயர்த்திய டிடக்டிபிளோடு, மூன்று, 5,000 கிலோமீட்டர் படியோடு. தற்போதைய நிறுவனத்திடமும் இதே மூன்றையும் கேளுங்கள், சர்வீஸ் பில்களின் நகலை அனுப்பிவிட்டு. பல நேரம் அவர்களே இறங்கி வருவார்கள். சாலையோர உதவி என்ற கூடுதல் வசதி கார் நிறுவனத்திலிருந்தோ கடன் அட்டையிலிருந்தோ ஏற்கெனவே இருந்தால் பாலிசியில் மறுபடி வாங்க வேண்டாம். எங்குமே இல்லையென்றால் வாங்குங்கள். நிற்கும் காரின் பேட்டரி காலியாவது தேய்மானக் கணக்கில் போகும், காப்பீட்டில் வராது. அந்த நேரத்தில் வீடு தேடி வந்து ஸ்டார்ட் செய்து கொடுப்பவர் இந்த வசதியில்தான் கிடைப்பார்.