கேள்வி முடியட்டும், பதில் அப்புறம்

கேள்வி: அலுவலகக் கூட்டத்தில் பேச எழுந்தாலே நாக்கு வறண்டுவிடுகிறது. வரிக்கு வரி மனப்பாடம் செய்துகொண்டு போனாலும் பாதியில் நின்றுவிடுகிறேன். யாராவது கேள்வி கேட்டால், என்ன கேட்டார் என்பதே மனதில் பதிவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நாக்கு வறள்வதும் நெஞ்சு படபடப்பதும், பதற்றத்தில் உடலில் சுரக்கும் அட்ரினலின் செய்கிற வேலை. பல வருடம் மேடையேறியவர்களுக்கும் வரும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். இரண்டு மூன்று முறை மூச்சை நிதானமாக வெளியே விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மனப்பாடத்தை விட்டுவிடுங்கள். அப்படிப் படித்த பேச்சில் ஒரு சொல் நழுவினால் அடுத்த வரியும் வராது. முதல் இரண்டு வாக்கியங்கள் மட்டும் மனதில் நின்றால் போதும். மீதியை ஒரு சின்ன அட்டையில், உதாரணத்துக்கு 'தாமதம், காரணம், என்ன உதவி வேண்டும்' என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் நின்றபடி வாய்விட்டு மூன்று முறை சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வாக்கியம் வேறு மாதிரி வரும். வரட்டும், நல்லதுதான்.

நீங்கள் கடைசியாகச் சொன்னதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். எதிரில் இருப்பவர் பேசும் வேகத்தைவிட நம் மனம் வேகமாக ஓடும். மிஞ்சுகிற நேரத்தில் பதிலைத் தேடத் தொடங்கிவிடுகிறோம். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். "அந்த வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளி..." என்பது வரை கேட்டுவிட்டு, குற்றம் சொல்கிறார் என்று மனம் முடிவு கட்டிவிடும். அவரோ "வைக்கலாமா?" என்று உங்களுக்கு வழிவிட்டு முடித்திருப்பார். "வைத்தது ஏன்?" என்றும் முடித்திருக்கலாம். அந்தக் கடைசிச் சொல்லில்தான் கேள்வியே இருக்கிறது.

அதனால் அவர் முடிக்கும் வரை அவர் முகத்தைப் பாருங்கள். முடித்ததும் ஒரு மூச்சு விட்டு, "அடுத்த மாதத்துக்குத் தள்ளலாமா என்று கேட்கிறீர்கள், சரிதானே?" என்று உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அவரே திருத்துவார். உங்களுக்கும் யோசிக்கச் சில விநாடி கிடைக்கும். பதில் தெரியாவிட்டால், "பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்பதில் தவறே இல்லை. மறுநாள் மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இதைப் பழக, நீங்கள் பேச வேண்டியிராத ஒரு கூட்டத்தில் உட்காருங்கள். ஒவ்வொருவர் பேசி முடித்ததும், அவர் என்ன கேட்டார் என்பதை ஒரே வரியில் எழுதிக்கொண்டே வாருங்கள்.