கிளிக்கூண்டும் மூன்று படிகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போர் அதிர்ச்சியிலிருந்து மீளாத முன்னாள் படைவீரர்கள் கைவிடப்பட்ட கிளிகளைப் பராமரிக்கும், லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள செரினிட்டி பார்க் காப்பகத்தைப் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். நான் சக்கர நாற்காலியில் இயங்குபவள். எங்கள் ஊரில் ஒரு பறவை மீட்பு நிலையத்தில் தொண்டு செய்ய விரும்பிக் கேட்டபோது, “உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம், வேண்டுமானால் முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். உள்ளே போகவே மூன்று படிகள். மாற்றுத்திறனாளிகளே நடத்தும் மீட்பு நிலையம் சாத்தியமா? அல்லது செரினிட்டி பார்க்கில் நடப்பது வெறும் சிகிச்சை முறைதானா?

வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த மூன்று படிகளைவிட முகநூல் பக்கம்தான் என்னை அதிகம் வருத்தியது. படிகளைச் சரிவுப்பாதையாக மாற்றிவிடலாம். பறவையைத் தொடும் வேலை உங்களுக்கில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட மனத்தை மாற்றுவது கடினம்.

செரினிட்டி பார்க்கை உளவியலாளர் லோரின் லிண்ட்னர் 2005இல், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ வளாகத்திலேயே தொடங்கினார். குழுச் சிகிச்சையில் வாய் திறக்காத வீரர்கள் கிளிகளிடம் பேசுவதை அவர் முன்பே கவனித்திருந்தார். வளர்த்தவர்கள் கைவிட்டதால் தம் இறகுகளைத் தாமே பிடுங்கிக்கொள்ளும் மக்காவ், காக்கட்டூ கிளிகளை, போரின் அதிர்ச்சியிலிருந்து மீளாத மனிதர்கள் பராமரிக்கிறார்கள். அது சிகிச்சையும்தான், மறுக்கவில்லை. ஆனால் வேலையையே சிகிச்சையாக்கும் பணிவழிச் சிகிச்சைத் திட்டத்தின்கீழ் அவர்களுக்கு ஊதியம் உண்டு என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் ஊதியம் பெறுபவரை யாரும் நோயாளி என்று மட்டும் பார்த்துவிட முடியாது.

சாத்தியமா என்று கேட்கிறீர்கள். மீட்பு நிலையத்தின் வேலைகள் பலவற்றை மேசை முன் அமர்ந்தே செய்யலாம். இறகு முளைக்காத குஞ்சுக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, சில வேளை அரைமணிக்கு ஒருமுறைகூட உணவூட்ட வேண்டும். நாக்கின் பின்பக்கம், அதன் வேரருகே இருக்கும் மூச்சுத்துளைக்குள் ஒரு சொட்டும் போய்விடாமல், தீனிப்பை நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே ஊட்ட வேண்டும். இதற்கு வேண்டியது பதறாத கையும் பொறுமையும். மாஞ்சா நூலில் சிக்கிய காக்கை ஒன்றை நான் ஒருமுறை தூக்கிக்கொண்டு ஓடியபோது, கால்நடை மருத்துவர் என் விரலைப் பிடித்து அதன் மார்பின் நடுவே வைத்தார். எலும்பு கத்திமுனைபோல் தட்டுப்பட்டது. பல நாள் பட்டினி என்றார். கண்ணால் பார்த்தபோது எனக்கு அது தெரியவில்லை, இறகு மறைத்திருந்தது. பார்வையற்ற ஒருவர் இந்தச் சோதனையை என்னைவிட நன்றாகவே செய்வார்.

நம் ஊர்ப் பறவைகளை அங்குள்ள கிளிகளைப்போல ஆயுள்முழுதும் கூண்டில் வைத்திருக்க இயலாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையோடு இணைந்தே நடத்த வேண்டும், குணமானதும் பறக்கவிட வேண்டும். கட்டடத்துக்கு வேண்டியவை அதிகமில்லை: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சரிவு, நாற்காலி நுழையும் கதவுகள், அமர்ந்தபடி எட்டும் கூண்டுத் தாழ்ப்பாள்கள், முழங்கால் நுழையும்படி அடியில் இடம்விட்ட கைகழுவும் தொட்டி. பறவை தப்பாமலிருக்க அடுத்தடுத்து இரட்டைக் கதவு வைப்பது வழக்கம். அவற்றுக்கு இடையில் நாற்காலி முழுதாக நிற்க இடம் விடுவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அந்த நிலையத்துக்கு இவற்றையெல்லாம் குறிப்பிட்டு மீண்டும் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். கோடைக்காற்றில் கூடு சரிந்து காக்கைக் குஞ்சுகள் விழும் மாதங்களில் அரைமணிக்கொருமுறை ஊட்ட அவர்களுக்கு ஆள் போதாது. அந்த மேசையில் உங்களுக்கு ஓர் இடம் கேளுங்கள்.