எழுதிச் சம்பாதிக்க நினைக்கும் மகளைப் பற்றி, கரூரில் இருக்கும் ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மா,

போனில் நீங்கள் கேட்டதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். "பி.காம். முடிச்சு ஒரு வருசம் ஆச்சுங்க. கம்பெனி வேலைக்குப் போக மாட்டேங்கறா. வீட்டுல இருந்தே எழுதிச் சம்பாதிக்கறேங்கறா. இதெல்லாம் ஒரு வேலைங்களா?" என்று கேட்டீர்கள். போனை வைக்கும் முன் கொஞ்சம் தயங்கி, "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்னன்னுங்க சொல்றது?" என்றும் கேட்டீர்கள். இரண்டுமே பெற்றவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

வேலைதான், அம்மா. ஆனால் உங்கள் மகள் "எழுத்து" என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு தொழில்கள் இருக்கின்றன. ஒன்று, அடுத்தவர் கேட்டதை எழுதிக் கொடுத்துக் கூலி வாங்குவது. கன்டென்ட் ரைட்டிங், மொழிபெயர்ப்பு, பிழை திருத்தம் எல்லாம் இதில் வரும். இன்னொன்று, இணையத்தில் சொந்தமாக ஒரு பிளாக், அதாவது தன் கட்டுரைகளைப் போடும் பக்கம் தொடங்கி, படிக்க ஆள் சேர்ந்த பிறகு விளம்பரத்தால் காசு பார்ப்பது. முதலாவதில் உழைத்த மாதமோ அடுத்த மாதமோ பணம் வரும். இரண்டாவது வரப்போரம் தென்னை வைப்பது போன்றது. தென்னை வைத்தவர் அது காய்க்கும் என்று நம்பி மளிகைக் கடையில் கடன் சொல்ல மாட்டார். என்னிடம் வந்து மனம் உடைந்து உட்கார்ந்த பிள்ளைகள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றிப் போட்டவர்கள். ஆறு மாதம் பிளாக் எழுதி, கையில் ஒரு ரூபாயும் வராமல், "எனக்கு எழுத வரலை சார்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எழுத்தில் குறை இருக்காது, கணக்குத்தான் தப்பாகியிருக்கும்.

பிளாக் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். நம் பக்கத்தில் விளம்பரம் போட்டு, அதில் வருவதில் ஒரு பங்கை நமக்குத் தரும் கூகுள் ஆட்சென்ஸ், தமிழ்ப் பக்கங்களுக்கு வந்தது 2018 பிப்ரவரியில். அதற்கு முன்பு எத்தனை நன்றாக எழுதினாலும் தமிழ் பிளாக்குக்கு அந்த வாசல் திறந்திருக்கவில்லை. இப்போது திறந்திருக்கிறது, ஆனால் 100 டாலர் சேரும் வரை பணம் கைக்கு வராது. ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், 100 டாலருக்கு 2 லட்சம் பார்வை வேண்டும். புதிதாக எழுத வருகிற பெண்ணுக்கு அது எத்தனை மாதம், எத்தனை வருடம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. போதாததற்கு, 2024 முதல் கூகுளில் தேடினால் பல கேள்விகளுக்கு ஏஐ எழுதிய பதில் மேலேயே வந்துவிடுகிறது. "சர்க்கரை நோய்க்கு என்ன சாப்பிடலாம்" என்பது போன்ற பொதுக் கேள்விகளுக்குக் கட்டுரை எழுதி வைத்திருப்பவர்கள் பக்கத்துக்கு ஆள் வருவது குறையத்தான் செய்யும்.

அதற்காக பிளாக் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரம் ஒரு கட்டுரை எழுதட்டும். அதை வருமானமாக நினைக்காமல், தன் கைவேலையைக் காட்டும் மாதிரிப் புத்தகமாக நினைக்கட்டும். தையல்காரர் கடை வாசலில் தைத்த ரவிக்கையை மாட்டி வைப்பதில்லையா, அது மாதிரி. "உங்க சாம்பிள் அனுப்புங்க" என்று யாராவது கேட்டால் அந்த முகவரியை அனுப்பலாம். கூகுளின் பிளாக்கர் தளத்தில் தொடங்கினால் செலவே இல்லை. பத்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு "பிளாக்கிங் கோர்ஸ்" நடத்துகிறவரிடம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

கூலி எழுத்துக்கு வருகிறேன். பாப்பா என்ன எழுதப் போகிறாள் என்று கேட்டபோது "எல்லாம் எழுதுவாங்க, கவிதைகூட" என்றீர்கள். அங்கேதான் எனக்குக் கவலை. எல்லாம் எழுதுகிறவருக்கு இன்று சந்தையில் மதிப்பு குறைவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, "ஐநூறு வார்த்தையில் ஏதாவது எழுதிக் கொடு" என்ற மாதிரியான வேலையை அதுவே செய்துவிடுகிறது. தெரிந்ததை எழுதுகிறவருக்குத்தான் இனி இடம். உங்கள் மகள் பி.காம். படித்தவள், அதை அவளே மறந்துவிட்டாள் போலத் தெரிகிறது. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே வரி பிடிப்பது), ஜிஎஸ்டி, பிஎஃப், பங்குதாரர் ஒப்பந்தம் என்று மூன்று வருடம் படித்ததை, விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்குப் புரிகிற தமிழில் எழுத எத்தனை பேருக்கு வரும்? வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கணக்கு சாஃப்ட்வேர் விற்பவர்களும் தமிழில் பேச வேண்டியிருக்கிறது. அவர்களுக்குப் போகும் தமிழ் பல சமயம் படிக்கவே முடியாத மொழிபெயர்ப்பாக இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தக் குறையைத் தீர்ப்பதுதான் அவளுடைய தொழிலாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. "இந்தப் பங்கை வாங்குங்கள்" என்று யோசனை சொல்லி எழுதக் கூடாது, அதற்குப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு வேண்டும்.

இன்னொன்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது. படுக்கை விரிப்பு, துண்டு, சமையலறைத் துணி என்று கரூரிலிருந்து எத்தனை நாட்டுக்கு ஏற்றுமதி ஆகிறது! அந்த எக்ஸ்போர்ட் கம்பெனிகளின் வெப்சைட்டைத் திறந்து, அதில் இருக்கும் ஆங்கிலத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை எடுத்து, அவளே சரியாக எழுதி, "இப்படி மாற்றினால் உங்களிடம் வாங்குகிறவருக்கு நன்றாகப் புரியும்" என்று அனுப்பட்டும். பஸ் பாடி கட்டுகிறவர்கள், கொசுவலை போடுகிறவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். பத்துப் பேருக்கு அனுப்பினால் ஒருவர் கூப்பிடலாம். ஃபைவர் என்ற இணைய வேலைத் தளத்தில் வேலை பிடித்தால் ஒவ்வொரு வேலைக்கும் 20 சதவீதம் அந்தத் தளத்துக்குப் போய்விடும், 50 டாலர் வேலைக்குக் கையில் 40தான். பக்கத்துத் தெரு கம்பெனியில் அந்தப் பிடித்தம் இல்லை. அப்பாவுக்குத் தெரிந்தவர் யாராவது ஒருவர் அந்தத் தொழிலில் இருப்பாரே, முதல் வேலை அங்கிருந்து வந்தால் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கூலி எவ்வளவு கேட்பது என்பதில்தான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். வார்த்தைக்கு இத்தனை பைசா என்று பேசுவார்கள். 50 பைசா என்றால் ஆயிரம் வார்த்தைக்கு 500 ரூபாய். கேட்க நன்றாக இருக்கும். அதை எழுத ஒரு மணி நேரம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், இரண்டு மணி நேரம் எழுத வேண்டும், கிளையன்ட் திருப்பி அனுப்பினால் இன்னொரு மணி நேரம் திருத்த வேண்டும். ஆக மணிக்கு 125 ரூபாய். மாதம் 20 நாள், நாளுக்கு ஒரு கட்டுரை என்றால் 10,000 ரூபாய். அதுவும் 20 நாளும் வேலை கிடைத்தால்தான். தொடக்கத்தில் அப்படிக் கிடைக்காது. முதல் மூன்று நான்கு மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் வந்தாலே ஏற்றுக்கொள்ளுங்கள், முகம் சுளிக்காதீர்கள். வார்த்தைக் கணக்கோடு மணிக் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் எந்தக் கிளையன்டை விட வேண்டும், யாரிடம் கூலியை ஏற்றிக் கேட்க வேண்டும் என்று தானே தெரியும். திருத்தம் இரண்டு முறைக்கு மேல் போனால் தனிக் கட்டணம் என்று வேலை ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிடுவது நல்லது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஒரே கட்டுரையை ஒன்பது முறை மாற்றி எழுதினாள், கடைசியில் வாங்கியது 300 ரூபாய்.

ஏஐ இருக்கிறதே என்று அவள் பயப்படலாம், அல்லது அதை வைத்தே நாளைக்குப் பத்துக் கட்டுரை இறக்கிவிடலாம் என்று ஆசைப்படலாம். இரண்டாவதுதான் ஆபத்து. தேடலில் மேலே வருவதற்காக மொத்தமாக உற்பத்தி செய்து குவிக்கும் பக்கங்களைத் தள்ளி வைப்போம் என்று கூகுள் 2024 மார்ச்சில் விதியே போட்டுவிட்டது. கிளையன்ட் கண்டுபிடித்தால் அன்றோடு பெயர் போகும். ஏஐ கொடுத்த தமிழை வரிக்கு வரி சரிபார்த்துத் திருத்திக் கொடுப்பது வேறு. அதற்கு ஆள் தேவைப்படுகிறது, அது நேர்மையான வேலை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் விட்டுவிடாதீர்கள். அவள் தமிழை இன்னும் செல்போனில் ஆங்கில எழுத்தில் தட்டித்தான் அடிக்கிறாளாம். தமிழ்99 விசைப்பலகை பழகட்டும். 1999இல் தமிழக அரசே ஏற்றுக்கொண்ட முறை அது. வேகம் கூடினால் மணிக் கூலியும் கூடும்தானே! கூடவே பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் லோயர், ஹையர் தேர்வுகளை முடிக்கட்டும். நாளைக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 4இல் தட்டச்சர் பணிக்கு எழுத நினைத்தாலும் அந்தச் சான்றிதழ் கை கொடுக்கும். உங்கள் கணவருக்கும் மனம் கொஞ்சம் ஆறும்.

கதை எழுத ஆசை இருந்தால் பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் எழுதலாம், தொடர்கதைக்கு அங்கே நிறைய வாசகர்கள். அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூலும் போடலாம். அங்கே ராயல்டி 35 சதவீதம். 70 சதவீதம் வேண்டுமென்றால், இந்தியாவில் விற்கும்போது அந்த மின்னூலை வேறெங்கும் விற்காமல் கிண்டிலுக்கே விட்டுவிட வேண்டும். இதெல்லாம் மூன்றாம் வருடப் பேச்சு.

பணம் வாங்கும் முறை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதுக் கிளையன்ட் என்றால் பாதி முன்பணம். போனில் பேசியதை உடனே மெயிலில் எழுதி அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்: எத்தனை வார்த்தை, எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் பணம், யார் பெயரில் வெளிவரும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள வேலையில் இல்லாமல் எழுதும் எழுத்துக்கு முதல் உரிமையாளர் பொதுவாக எழுதியவரே. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பாப்பா கையெழுத்துப் போடும் முன் "எல்லா உரிமையும், என்றைக்கும்" என்ற வரி இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால் கூலியும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

அரசின் உதயம் (Udyam) பதிவு இணையத்தில் இலவசம், குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளலாம். பதிந்த குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்குகிறவர் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லி எழுதும் ஒரு மெயிலுக்கே பல பாக்கிகள் வந்து சேர்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள், பான் கொடுக்காவிட்டால் 20. வரி கட்ட வேண்டிய வருமானம் இல்லையென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். பி.காம். படித்த பிள்ளைக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். பரீட்சைக்கு எழுதியதைத் தன் சொந்தக் கணக்கில் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

இந்தத் தொழிலின் பெயரைச் சொல்லித்தான் ஏமாற்றுகிறவர்களும் வருகிறார்கள். "வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை, மாதம் 25,000, பதிவுக் கட்டணம் 2,500" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது வேலையே இல்லை. வேலை கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார். சிலர் கட்டணம் வாங்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, "பிழை அதிகம், நஷ்ட ஈடு கட்டு" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்பி மிரட்டுவார்கள். அப்படி நடந்தால் பயந்து பணம் அனுப்பாமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். முக்கியமாக, அவள் உங்களிடம் தைரியமாக வந்து சொல்லும்படி வீட்டில் பேச்சு இருக்க வேண்டும். திட்டுவார்களே என்று பயந்து நகையை அடகு வைத்துக் கட்டிய பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். "சும்மா வீட்டுல இருக்கா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவள் காது கேட்கச் சொல்லவே சொல்லாதீர்கள். கூலி முழுவதும் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் வரட்டும். வருமானம் குறைவாக இருந்தாலும் வருடா வருடம் ரிட்டர்ன் தாக்கல் செய்யட்டும். இரண்டு மூன்று வருட ரிட்டர்ன் இருந்தால் வங்கியில் கடன் கேட்டாலும் மதிப்பு. கேட்கிறவர்களிடம் "நிதித் துறையில் எழுத்து, மொழிபெயர்ப்பு, சொந்தத் தொழில்" என்று நீங்கள் நிமிர்ந்து சொல்லலாம், கையில் காகிதமும் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு ஊர் மாறினாலும் கூடவே எடுத்துப் போகிற தொழில் இது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு வருடம் கொடுங்கள், அம்மா. அதை அவளோடு உட்கார்ந்து பேசித் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆறாம் மாதம் குறைந்தது இரண்டு நிலையான கிளையன்ட் இருக்க வேண்டும், பன்னிரண்டாம் மாதம் சராசரியாக மாதம் 8,000 ரூபாயாவது வர வேண்டும். வராவிட்டால் ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலோ எக்ஸ்போர்ட் கம்பெனியிலோ சேர்ந்து, மாலையில் எழுதுவதைத் தொடரட்டும். அது தோல்வி ஆகாது, அங்கே கற்றுக்கொள்வதும் எழுத்துக்குத்தான் வந்து சேரும். உங்கள் பங்குக்குக் காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை அவளைக் கடைக்கு அனுப்பாதீர்கள். யாராவது விருந்தாளி வந்தால், காபி போட அவளை எழுப்பாதீர்கள். அந்த நேரத்தில் அவள் ஆபீஸில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் கரூர் வருகிறேன். அதற்குள் பாப்பா மூன்று பக்கம் எழுதி வைக்கட்டும்: சிறு கடைக்காரருக்கு ஜிஎஸ்டி பற்றித் தமிழில் ஒன்று, உங்கள் ஊர் துண்டு கம்பெனி ஒன்றுக்கு ஆங்கிலத்தில் ஒன்று, வங்கிப் படிவம் ஒன்றின் மொழிபெயர்ப்பு ஒன்று. பிரின்ட் எடுத்துக் கொண்டு வரச் சொல்லுங்கள். சிவப்பு மையோடு வருகிறேன், உட்கார்ந்து பார்ப்போம்.