காய் தெரிந்தால்தான் கண் நிற்கும்

வணக்கம். வியாசர்பாடியில் பெண்களுக்கான கேரம் போட்டி நடத்துகிறோம். போன முறை மொபைலில் நேரலை போட்டோம். வந்தவர்கள் இரண்டே நிமிடத்தில் ஓடிவிட்டார்கள். பத்திரிகையிலும் ஜெயித்த பெண்ணின் வீட்டுக் கஷ்டம்தான் வந்தது, ஆட்டம் வரவில்லை. பெண்கள் கிரிக்கெட்டுக்கு மட்டும் எப்படி இவ்வளவு கூட்டம்? அடுத்த மாதப் போட்டிக்கு என்ன செய்யலாம்?
(வாசகி ஒருவர்)

அன்புள்ள தோழிக்கு,

அந்தக் கூட்டம் தானாகச் சேரவில்லை. 2023-ல் பெண்கள் பிரீமியர் லீக் (டபிள்யூபிஎல்) தொடங்குவதற்கு முன்பே ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 951 கோடிக்கு விலைபோயிருந்தது. பணம் வந்தது, கேமராக்கள் வந்தன. 2025 உலகக் கோப்பை இறுதியில் இந்தியக் கேப்டன் ஹர்மன்பிரீத் பின்னால் ஓடிப்போய்ப் பிடித்த கடைசி கேட்சை ஊரே பார்த்தது. கேரமுக்கு அது நடக்கவில்லை. 2024 நவம்பரில் புதுவண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். இறுதி ஆட்டத்தின் ஸ்கோரைக் கேட்டுப்பாருங்கள்!

முதலில் கேமரா. போர்டுக்கு நேர் மேலே மாட்டினால் தொங்கும் விளக்கு மறைக்கும், பாலிஷிலும் பளபளக்கும். ஒற்றையர் ஆட்டத்தில் பக்கவாட்டு இடம் இரண்டும் காலி. ஒன்றில் நடுவர் உட்காரட்டும், எதிர்ப்பக்கம் ஸ்டாண்டை நிறுத்தி, ஐந்தாறு அடி உயரத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். நான்கு பாக்கெட்டும் இருவர் விரல்களும் தெரியவேண்டும். ஸ்டாண்ட் மேஜையில் படக்கூடாது. ஒவ்வோர் அடிக்கும் படம் குலுங்கும்.

உங்கள் பார்வையாளர்கள் ஓடியதற்குப் பெரும்பாலும் வெளிச்சம்தான் காரணமாக இருக்கும். ஹால் இருட்டு, போர்டு மட்டும் வெளிச்சம். மொபைல் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும்போது போர்டு வெளுத்துப்போகும், வெள்ளைக் காய் அதிலேயே கரைந்துவிடும். திரையில் போர்டைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கை குறுக்கே போகும்போதெல்லாம் படம் மங்கும். எல்இடி விளக்கால் கோடு ஓடினால் ஷட்டரை 1/50-ல் வையுங்கள். நேரலை போகும் போனுக்கு அழைப்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெட்டை இன்னொரு போனிலிருந்து கொடுங்கள்.

அடுத்து, பேச ஒருவர். "அருமையான ஷாட்" என்று அரைமணி நேரம் சொல்பவர் வேண்டாம். 25 புள்ளி அல்லது எட்டு போர்டு, எது முதலில் முடிகிறதோ அதோடு கேம் முடியும். காய்களை அடுக்கி ஒரு முறை ஆடி முடிப்பதுதான் ஒரு போர்டு. அந்த போர்டை ஜெயித்தவருக்கு, எதிராளியின் மிச்சக் காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. சிவப்புக் காயான ரெட்டுக்கு மூன்று, அதுவும் 21 புள்ளி வரைதான். 22-ஐத் தொட்டவருக்கு ரெட்டால் புள்ளி இல்லை. ஆனாலும் அவர் அதைப் போட்டு, உடனே தன் காய் ஒன்றையும் போட்டு ஃபாலோ எடுத்தால், எதிராளிக்கு அந்த மூன்று போச்சு. இதைச் சொன்னால்தான், சுலபமான காயை விட்டுவிட்டு ஒரு பெண் ஏன் ரெட்டை நோக்கிக் குனிகிறாள் என்று பார்ப்பவருக்குப் புரியும். ஸ்கோர் பலகை எப்போதும் படத்துக்குள் இருக்கட்டும்.

பத்திரிகைக்காரர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. கையில் கொடுத்ததைத்தான் அவர்கள் எழுதமுடியும். 25-11, 8-25, 25-19 என மூன்று கேமின் ஸ்கோரையும், மூன்றாவது கேம் எந்த போர்டில் திரும்பியது என்பதையும் நான்கு வரியில் எழுதி, இன்ஷியலோடு பெயர் சேர்த்து, ஸ்ட்ரைக்கர் விரலில் இருக்கும் படத்தோடு அனுப்புங்கள். கோப்பையோடு வரிசையாக நிற்கும் படத்தில் பாதிப் பேர் பிரமுகர்கள்தான். வீட்டு முகவரி, பள்ளிப் பெயர் எதுவும் வேண்டாம்.

இறுதி ஆட்டத்தை மாலை நான்கு மணிக்கு வையுங்கள். இரவு ஒன்பதுக்கு முடிந்தால் மறுநாள் பத்திரிகையில் இடம் கிடைப்பது கஷ்டம். பெண்கள் வீடு போய்ச் சேரவும் வேண்டும்.